கோடையில் ஒரு வேகம், குளிரில் ஒரு வேகம்: ரைஃபிள் தோட்டாவுக்கு வெடிமருந்து தேர்ந்தெடுப்பது எப்படி?

அரிசோனாவின் ஃபீனிக்ஸில் ஒரு ஜனவரி காலை, 45 டிகிரி (பதிவு முழுக்க ஃபாரன்ஹீட் கணக்குதான்). நான் முதன்முதலாக ரீலோடு செய்த (சுட்ட பித்தளைக் கேஸில் புதிதாக மருந்து, குண்டு, மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் எல்லாம் வைத்து மறுபடி தோட்டாவாக்கிய) .308 ரைஃபிள் தோட்டாக்கள் அருமையாகச் சுட்டன. அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்ததை ஜூலையில், 108 டிகிரி வெயிலில், காருக்குள் கிடந்த சூட்டோடு எடுத்துப் போய்ச் சுட்டேன். மூன்றாவது தோட்டாவில் போல்ட் (தோட்டாவை உள்ளே பூட்டும் தாழ்) மேலே எழவே இல்லை, உள்ளங்கையால் தட்டித்தான் திறந்தேன். வெளியே வந்த கேஸைத் திருப்பிப் பார்த்தால் ப்ரைமர் விளிம்பு வரை பரவித் தட்டையாகக் கிடக்கிறது, பித்தளை அடியில், கேஸை வெளியே தள்ளும் எஜெக்டர் அழுத்திய வட்டத் தடம் பளபளவென்று தெரிகிறது. எல்லாமே அழுத்தம் அளவு மீறியதன் அடையாளம். குளிரில் உச்ச அளவுக்குப் பக்கத்தில் மருந்து போட்டுவிட்டு அதைக் கோடையில் சுட்டது முழுக்க என் தப்பு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது அமெரிக்காவுக்கு. இங்கே சொந்த உபயோகத்துக்கு ரீலோடு செய்ய கூட்டாட்சி உரிமம் தேவையில்லை, ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு, வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள்தான். இந்தியாவில் உரிமம் இல்லாமல் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். மருந்து ஏற்கெனவே சூடாக இருந்தால் வேகமாக எரியும், அழுத்தம் ஏறும், குண்டின் வேகமும் கூடும். குளிர்ந்திருந்தால் எல்லாம் தலைகீழ். சில மருந்துகளில் ஒரு டிகிரிக்கு வினாடிக்கு ஒன்றரை அடி வரை வேகம் மாறும். 60 டிகிரி வித்தியாசத்துக்கு 90 அடி ஆகிறது. 2,600 அடி வேகத்தில் போகும் .308 குண்டு அதனால் 500 கஜத்தில் ஐந்தாறு அங்குலம் மேலேயோ கீழேயோ போய்விடும். நூறு கஜத்தில் பேப்பர் சுடுகிறவருக்கு இது கவலையே இல்லை. ஃபீனிக்ஸில் பழகிவிட்டு நவம்பரில் 7,000 அடி உயரத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் விடிகாலை உறைபனியில் எல்க் (பெரிய மான்) வேட்டைக்குப் போகிறவருக்கு இதுதான் முழுக் கவலையும்.

முதல் படி, கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் நீங்கள் சுடப்போகும் மிகக் குறைந்த வெப்பநிலையையும் மிக அதிகமானதையும் எழுதுங்கள். வித்தியாசம் 30 டிகிரிக்குள் என்றால் விலை கூடிய மருந்துக்காக அலைய வேண்டாம், கிடைப்பதை வாங்குங்கள்.

அடுத்து ரீலோடிங் மேனுவலை (மருந்து அளவுகள் பட்டியலிட்ட கையேடு) திறந்து உங்கள் காலிபருக்கும் (தோட்டா வகை) குண்டின் எடைக்கும் எந்தெந்த மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வெப்பநிலைக்கு நிலையானது என்பதற்காக மட்டும் அந்தப் பட்டியலில் இல்லாததை எடுக்கவே கூடாது. பட்டியலுக்குள் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் எக்ஸ்ட்ரீம் வரிசை இருக்கிறதா என்று தேடுங்கள். ஆஸ்திரேலியாவில் தயாராகும், வெப்பநிலைக்கு அவ்வளவாக மாறாத குச்சி வடிவ மருந்து அது. .308-க்கு வார்கெட், 6.5 கிரீட்மோருக்கு எச்4350, பெரிய மேக்னம் கேஸ்களுக்கு எச்1000 என்று பலரும் போவார்கள். அலையன்ட் நிறுவனத்தின் ரீலோடர் 16 மருந்தும் இந்தக் குணத்துக்காகவே வந்தது. குச்சி மருந்தில் ஒரு தொல்லை, அளவுக் குழாயில் ஒழுங்காக விழாது, கைப்பிடியை இழுக்கும்போது குச்சிகள் நறுக்கென்று உடைபடும் சத்தம் கேட்கும், அதனால் தராசில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும். உருண்டை மருந்து தண்ணீர் மாதிரி விழும், ஆனால் பொதுவாக வெப்பத்துக்கு அதிகம் ஆடும். வின்செஸ்டர் ஸ்டாபால் 6.5 மாதிரி விதிவிலக்கும் உண்டு.

இங்கே புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர்தான். எச்4350 வேறு, ஐஎம்ஆர் 4350 வேறு. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் ஆபத்து.

வாங்கும்போது ஒரு பவுண்டு மட்டும் வாங்குங்கள். மேனுவலின் தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறுங்கள், முடிந்தால் நீங்கள் சுடப்போகும் மிகச் சூடான நாளில். வெயிலில் பத்திரமாக இருக்கும் அளவு குளிரிலும் பத்திரமாகத்தான் இருக்கும், என்னை மாதிரி ஜனவரியில் ஏறினால்தான் ஜூலையில் உள்ளங்கை வலிக்கும்.

அப்புறம் டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி நிற்காமல் உங்கள் பேரலிலேயே (துப்பாக்கிக் குழல்) சோதித்துவிடுங்கள். ஒரே மாதிரி பத்துத் தோட்டா செய்யுங்கள். ஐந்தை ஜிப் பையில் போட்டு ஐஸ் பெட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள், மீதி ஐந்து நிழலில் இருக்கட்டும். அடுப்பு, மைக்ரோவேவ், காரின் டாஷ்போர்டு என்று எதிலும் வைத்துச் சூடாக்க வேண்டாம், ஊர் வெயிலே போதும். குளிர்ந்த தோட்டாவைத் துடைத்துப் போட்டதும் சில வினாடிக்குள் சுட்டுவிட வேண்டும், ஏனென்றால் தோட்டா உட்காரும் சூடான சேம்பரில் கிடந்தால் அதுவும் சூடாகிவிடும், கணக்கு கெட்டுவிடும். ஒவ்வொரு சுடலுக்கும் நடுவில் பேரலை ஆறவிடுங்கள், க்ரோனோகிராஃப் காட்டும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்தது சராசரி 2,632 அடி, நிழலில் இருந்தது 2,660 அடி, வெப்பநிலை வித்தியாசம் 70 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 28-ஐ 70-ஆல் வகுத்தால் டிகிரிக்கு 0.4 அடி. இது நல்ல மருந்து. ஒன்றுக்கு மேல் வந்தால் வேறொன்றைப் பார்க்கலாம். ஐந்து தோட்டா என்பது குறைவான மாதிரிதான், வேகம் ஒன்றுக்கொன்று 30, 40 அடி சிதறினால் இந்த வகுத்தலுக்கு அர்த்தமே இல்லை, முதலில் நிறுப்பதைச் சரிசெய்யுங்கள்.

ப்ரைமரை மாற்றினாலும் இந்த எண் மாறும், குண்டை மாற்றினாலும் மாறும். டப்பா தீர்ந்து அடுத்ததை வாங்கும்போது அதில் இருக்கும் லாட் எண்ணை (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) பாருங்கள். பழையதோடு ஒத்துப்போகவில்லை என்றால் பழைய டப்பாவின் மிச்சத்தோடு கலக்காமல், கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறி வர வேண்டும். நான் லாட் எண்ணையும் அன்றைய வெப்பநிலையையும் தோட்டாப் பெட்டியின் மூடியிலேயே மார்க்கரில் எழுதிவிடுகிறேன், நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் அந்த நோட்டு எப்போதும் வீட்டில்தான் இருக்கிறது.