டெக்சஸில் வேட்டைக் குத்தகை: முதலில் மானை எண்ணுங்கள், பிறகு விலை பேசுங்கள்

டெக்சஸில் 95 சதவீதத்துக்கும் மேலான நிலம் தனியார் கையில் இருக்கிறது. அதில் திரியும் வெள்ளைவால் மானோ மாநில மக்களின் பொதுச்சொத்து. ஆகவே வேட்டைக்குக் குத்தகை விடுகிற நிலக்காரர் மானை விற்பதில்லை, தன் வேலிக்குள் நுழையும் அனுமதியைத்தான் விற்கிறார். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படலாம். ஆனால் மத்திய டெக்சஸின் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரி போன்ற இடங்களில் ஓநாய் அற்றுப்போய்விட்டது. குட்டிகளின் தொப்புளில் முட்டையிட்டுக் கொன்றுவந்த ஸ்க்ரூவோர்ம் ஈயும் போன நூற்றாண்டில் ஒழிக்கப்பட்டது. மானைக் குறைக்கத் துப்பாக்கியைத் தவிர அங்கே வேறு வழி அதிகமில்லை.

சிக்கல் என்னவென்றால், வேட்டைக்கு வருகிறவர் காசு கொடுப்பது கொம்புக்கு. நிலத்துக்குத் தேவையோ பெண் மான் குறைவது. இந்த இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டிப்போடாவிட்டால் குத்தகைப் பணம் வரும், காடு போய்விடும்.

எண்ணுவது எப்படி

ஆகஸ்ட், செப்டம்பரில் இரவு எண்ணிக்கை. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பிக்கலாம். இரவில் மான்மேல் விளக்கடிப்பதைச் சட்டவிரோத வேட்டை என்றுதான் நினைப்பார்கள், அதனால் கேம் வார்டனுக்கு (வேட்டைச் சட்டக் காவல் அதிகாரிக்கு) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வண்டி மணிக்கு 5 முதல் 8 மைல் வேகத்தில் போகட்டும். பின்னால் இருவர், ஆளுக்கொரு பக்கம் ஸ்பாட்லைட்டுடன் நிற்க வேண்டும்.

எண்ணுவதற்கு முன் அதே பாதையில் ஒருமுறை போய், ஒவ்வொரு 0.1 மைலுக்கும் நின்று, இடமும் வலமும் எத்தனை கஜம் வரை மான் தெரியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். 1000 ஏக்கர் நிலத்தில் பாதை 3 மைல், இரு பக்கமும் சேர்த்துச் சராசரி 150 கஜம் என்று வைப்போம். 3 × 1760 × 150, அதை 4840ஆல் வகுத்தால் ஏறக்குறைய 164 ஏக்கர். மூன்று இரவில் 12, 17, 20 மான் தெரிந்தால் சராசரி 16.3. அதாவது 10 ஏக்கருக்கு ஒரு மான், மொத்தம் சுமார் 100. பாதை இவ்வளவு சின்னதாக இருக்கும்போது மூன்று இரவோடு நிறுத்தாதீர்கள், ஐந்தாறு இரவு போங்கள். ஒரே இரவின் கணக்கை நம்பிக் குத்தகை எழுதுவது சூதாட்டம். காற்றடித்தாலோ மழை தூறினாலோ எண்ணிக்கை பாதியாகிவிடும்.

இரவு வெளிச்சத்தில் ஆண், பெண், குட்டி பிரிப்பது கடினம். அதற்கு விடிகாலையிலும் மாலையிலும் பைனாகுலரோடு தனியாக ஒரு கணக்கு எடுங்கள். சரியாக அடையாளம் தெரியாத மானை விகிதத்தில் சேர்க்க வேண்டாம்.

எத்தனை சுட வேண்டும்

அந்த 100இல் 20 ஆண், 50 பெண், 30 குட்டி என்று தெரிகிறது. வேட்டைக்காரர்கள் 5 ஆண் மானை மட்டும் சுட்டுவிட்டுப் போனால், குட்டிகளில் பாதி ஆண், பாதி பெண் என்று வைத்து, அதே குட்டி விகிதத்தில், இயற்கைச் சாவைக் கழிக்காத கணக்கில், அடுத்த ஆண்டு 30 ஆண், 65 பெண், 39 குட்டி: மொத்தம் 134. பெண் மான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கவே 15 பெண் சுடப்பட வேண்டும். 50ஐ 40 ஆக்க 25. புதிதாகக் குத்தகை விடுகிற பலருக்கு இந்த எண் அதிகமாகத் தோன்றும், பாதியாக்கிவிடுவார்கள். வறட்சி வந்ததும் மிச்சக் கணக்கை நிலம் தீர்த்துக்கொள்ளும், மான் கூட்டமாகப் பட்டினியில் சாகும்.

இலக்கு எது என்பதைச் செடியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மான் செம்மறி போலப் புல் மேய்வதில்லை, வெள்ளாடு போலத் தழையும் சிறு செடிகளும் தின்னும். கிட்னிவுட், ஸ்பானிஷ் ஓக் போன்றவை அதற்கு முதல் விருப்பம். லைவ் ஓக் இரண்டாவது. சீடர் மரம் கடைசி. நாலைந்து அடி உயரம் வரை தழையே இல்லாமல், கத்தரித்து வைத்தாற்போல் மரங்களில் ஒரு கோடு தெரிந்தால் மான் மிகுந்துவிட்டது. சீடரையும் கடிக்க ஆரம்பித்திருந்தால் மிகத் தாமதம். மாடு, ஆடு விட்டிருந்தால் அவற்றையும் கணக்கில் சேருங்கள்; ஆறேழு மான் ஒரு பசுவுக்குச் சமம் என்பது வழக்கமான கணக்கு, ஆனால் தழைக்கு நேரடிப் போட்டி ஆடுதான்.

உரிமமும் டேக்கும்

காசு வாங்கி வேட்டைக்கு விட டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் வேட்டைக் குத்தகை உரிமம் வேண்டும். 499 ஏக்கர் வரை, 500 முதல் 999 வரை, 1000க்கு மேல் என்று மூன்று கட்டணப் படிகள். உரிமத்தைக் கண்ணில் படும்படி ஒட்டிவைக்க வேண்டும். வருகிறவர்களின் பெயர், முகவரி, வேட்டை உரிம எண் ஒரு பதிவேட்டில் இருக்கட்டும். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களிடம் வேட்டைப் பயிற்சிச் சான்றையும் கேளுங்கள்.

மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் உச்சவரம்புக்குள் 25 பெண் மானைச் சுடுவது சிரமம். அதற்குத்தான் துறையின் எம்.எல்.டி.பி. (Managed Lands Deer Program) திட்டம். அதில் டேக் (சுட்ட மானில் கட்டும் அனுமதிச் சீட்டு) நிலத்துக்குத் தரப்படுகிறது, பருவம் பிப்ரவரி இறுதி வரை நீள்கிறது. கன்சர்வேஷன் பிரிவுக்கு ஜூன் 15க்குள், ஹார்வெஸ்ட் பிரிவுக்கு செப்டம்பர் 1க்குள் இணையத்தில் பதிய வேண்டும். முதல் பிரிவில் கணக்கெடுப்பும் வாழிட வேலைகளும் கட்டாயம். ஆனால் உயிரியலாளரின் ஆலோசனை கிடைக்கும். அந்த உழைப்புக்கு அது தகும்.

நிலவரிச் சலுகையை வனவிலங்குப் பராமரிப்பின் பேரில் தொடர விரும்பினால், குத்தகை விட்டதே போதும் என்று எண்ண வேண்டாம். வாழிடம், மண்ணரிப்பு, கொன்றுண்ணிகள், நீர், தீவனம், தங்கிடம், கணக்கெடுப்பு ஆகிய ஏழில் மூன்றையாவது ஆண்டுதோறும் செய்து காட்ட வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

ஓராண்டுக் குத்தகையைத் தவிருங்கள். அடுத்த ஆண்டு வருவோமா என்று தெரியாதவர் இளம் ஆண் மானை விட்டுவைக்க மாட்டார். மூன்று முதல் ஐந்தாண்டு, 100 ஏக்கருக்கு ஒரு துப்பாக்கிக்கு மிகாமல் விடுங்கள்.

பெண் மான் எண்ணிக்கையை ஆள்வாரியாக எழுதுங்கள்: முதல் ஆண் மானுக்கு முன் இரண்டு பெண் மான் என்பது எளிதாகக் கண்காணிக்கக்கூடிய விதி. பாதியாவது நவம்பர் இறுதிக்குள் முடிய வேண்டும். அதற்குமேல் மான்கள் பரணைக் கண்டாலே ஒதுங்கிப்போகும், மிச்சப்படும் தழையும் குளிர்காலத்துக்கு உதவாது. கட்டணத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கி, அவர் தன் பெண் மான் பங்கைச் சுட்டு முடித்ததும் திருப்பித் தாருங்கள். அபராதம் விதித்தால் சண்டை வரும், திருப்பித் தரும் பணத்துக்கு ஆள் தானாக உழைப்பார்.

"இவ்வளவு இறைச்சியை வைத்து என்ன செய்வது" என்ற தயக்கத்தில்தான் பலர் பெண் மானைச் சுடுவதில்லை. வேட்டை இறைச்சியைப் பசித்தவர்களுக்குக் கொடையாகச் சேர்க்கும் 'ஹன்டர்ஸ் ஃபார் தி ஹங்ரி' திட்டத்துக்காக அதைப் பெற்றுக்கொள்ளும் கடைகளின் பட்டியலைப் பரணிலேயே மாட்டிவையுங்கள்.

விருந்தாளி எத்தனை பேர், எந்தக் கேட்டை மூட வேண்டும், நெருப்பு மூட்டலாமா, பொறுப்புக் காப்பீடு யார் எடுப்பது என்பவையும் எழுத்தில் இருக்கட்டும்.

பெண் என்று நினைத்து ஆண் குட்டியைச் சுடுவது

அதிகம் நடக்கிற தவறு இதுதான். தீவனத்துக்கு முதலில் தனியாக வரும் சின்ன மான் பெரும்பாலும் ஆண் குட்டி. வளர்ந்த பெண் மானின் தலை காதுகளுக்கிடையே வளைந்திருக்கும், முகம் நீண்டிருக்கும். ஆண் குட்டியின் உச்சி தட்டையாக இருக்கும், கொம்பு முளைக்கும் இரண்டு புடைப்பும் தெரியும். உடல் பெட்டிபோல் குட்டையாக இருக்கும். மூன்று நான்கு மான் சேரும்வரை காத்திருந்து, பக்கத்தில் வைத்து அளவு பார்த்த பிறகே சுடச் சொல்லுங்கள்.

சுட்ட பிறகு

ஒவ்வொரு மானுக்கும் எடை, தேதி, கீழ்த்தாடை. தாடையைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும். கம்பிவலைக் கூண்டில், நிழலில், எண் கட்டித் தொங்கவிடுங்கள். முன்னிருந்து மூன்றாவது கடைவாய்ப்பல்லைப் பாருங்கள். அதில் மூன்று முகடு இருந்தால் மானுக்கு ஒன்றரை வயதோ அதற்குக் குறைவோ. இரண்டு முகடுள்ள நிரந்தரப் பல் முளைத்திருந்தால் அதைவிட மூத்தது. பெண் மானாக இருந்தால் மடியை அழுத்திப் பால் வருகிறதா என்று குறியுங்கள். பால் உள்ளவற்றின் பங்கு குறைந்து, ஒன்றரை வயதினவற்றின் எடையும் ஆண்டுக்காண்டு இறங்கினால், தீவனப்பெட்டி எத்தனை வைத்தாலும் பயனில்லை, அடுத்த ஆண்டின் பெண் மான் பங்கை ஏற்றுங்கள்.

தீவனப்பெட்டியிலும் கவனம் தேவை. பூஞ்சை நச்சான அஃப்லடாக்சின் 20 பிபிபிக்கு (நூறு கோடியில் 20 பங்குக்கு) மேல் உள்ள மக்காச்சோளம் வேண்டாம். அது காடை, வான்கோழிகளையும் கொல்லும். ஒரே இடத்தில் மான் மூக்கோடு மூக்கு உரசுவது மானின் மூளையை மெல்ல அழித்துக் கொல்லும் சி.டபிள்யூ.டி. நோய்க்கும் வழி. டெக்சஸில் அது முதலில் 2012இல் ஹுவெகோ மலைப் பகுதியில் தெரியவந்தது. 2015இல் மெடினா மாவட்டத்தின் வளர்ப்புப் பண்ணை ஒன்றிலும். மருந்து கிடையாது, மண்ணில் பல ஆண்டு தங்கும். உங்கள் பகுதிக்கு இந்நோய் தொடர்பான விதிகள் ஏதும் உண்டா, உடலை எப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்பதைப் பருவம் தொடங்குமுன் துறையிடம் கேட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள்.

நிலம் சில நூறு ஏக்கர்தான் என்றால், பக்கத்து நிலக்காரர்களோடு வனவிலங்குப் பராமரிப்புச் சங்கமாகச் சேர்ந்து ஒரே எண்ணிக்கை, ஒரே பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த வேலியை மான் ஒரே தாவலில் தாண்டும். நீங்கள் மூன்று ஆண்டு விட்டுவைத்த ஆண் மான் அடுத்த வேலிக்குள் முதல் நாளே விழுந்துவிடக்கூடும்.