ஒரே சம்பளம், நாலு கடன், ரெண்டு பேரின் முதுமை: எந்த வரிசையில் சமாளிப்பது?

எங்கள் வீட்டில் சம்பளம் கணவருடையது, கணக்கு என்னுடையது. அவர் கிருஷ்ணகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போய் வருகிறார். வட்டிக்கு வாங்கிய பணம், வண்டிக் கடன், குழுக்கடன், வீட்டுக் கடன் என்று நாலும் ஒன்றாக ஓடிய காலம் போய், இப்போது வீட்டுக் கடன் மட்டும் மிச்சம். எப்படி என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன். செலவைக் குறைப்பது எப்படி என்பதெல்லாம் இதில் வராது. ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டில் குறைக்க வேண்டியதை ஏற்கெனவே குறைத்திருப்பீர்கள்.

படி 1: எல்லா வட்டியையும் ஒரே அளவில் எழுதுங்கள்

நம் ஊரில் ஒவ்வொரு கடனுக்கும் வட்டியை ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். "ரெண்டு ரூபா வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். மூன்று ரூபாய் என்றால் 36. இது எல்லோருக்கும் தெரியும். ஏமாற்றுவது தவணைக் கடன்தான். 80,000 ரூபாய் வண்டிக் கடன், "12 சதவீதம் ஃப்ளாட்", 24 மாதம் என்கிறார்கள் என்று வையுங்கள். வட்டி 19,200. மாதத் தவணை சுமார் 4,133. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியை மட்டும் முழு 80,000-க்கும் போடுவதால், உண்மையான வட்டி 21.5 சதவீதத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆப் எதுவும் வேண்டாம். கடன் கணக்கு போட்டுத் தருகிற ஆப்களில் பாதி, உங்களுக்கு இன்னொரு கடன் விற்கத்தான் இருக்கின்றன. கூகுள் ஷீட்டில் 'ரேட்' என்ற ஃபார்முலா போதும். மாதங்களின் எண்ணிக்கை, தவணை, கடன் தொகை என்ற வரிசையில் கொடுங்கள். தவணைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும், இல்லாவிட்டால் பிழை என்று காட்டும். வருவது மாத வட்டி, அதை 12-ஆல் பெருக்குங்கள். விடை வெறும் 2% என்று வந்தால் தசம இடத்தைக் கூட்டிப் பாருங்கள், 1.8-ஐத்தான் அப்படிச் சுருக்கியிருக்கும். வாரத் தவணை கட்டும் குழுக்கடன் என்றால் வாரங்களைக் கொடுத்து 52-ஆல் பெருக்க வேண்டும். கடன் தொகை என்பது பத்திரத்தில் உள்ளது அல்ல. பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வந்ததைப் போடுங்கள்.

படி 2: பெரிய வட்டியைச் சின்ன வட்டியாக மாற்றுங்கள்

பட்டியலில் மேலே நிற்பது பெரும்பாலும் கைவட்டியாகத்தான் இருக்கும். ஒரு லட்சத்துக்கு 24 சதவீதம் என்றால் வருடத்துக்கு 24,000. அதே ஒரு லட்சத்தை வங்கி நகைக்கடனாக 10 சதவீதத்தில் வாங்கினால் 10,000. பீரோவில் இருக்கும் நகை வங்கி லாக்கரில் இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது. "கல்யாணத்துக்குப் போட என்ன இருக்கு?" என்று மாமியார் கேட்பார். கேட்கட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கெடு முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டித் திரும்ப வைக்கும் பழக்கத்துக்குப் போய்விடாதீர்கள். வைத்த அன்றே, எந்தப் பணத்தில் மீட்கப் போகிறோம் என்று கணக்கு நோட்டில் எழுதிவிட வேண்டும். எங்களுக்கு அது தீபாவளி போனஸும், சந்தூர் பக்கம் மாமனாருக்கு இருக்கும் மாந்தோப்பின் குத்தகையில் வரும் பங்கும்.

வீட்டுக் கடனைக் கடைசிக்கு விடலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கூடுதலாகக் கட்டும்போது "இ.எம்.ஐ.யைக் குறைக்காதீர்கள், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

படி 3: பி.எஃப். கணக்குகளை ஒன்று சேருங்கள்

"கடன் முடியட்டும், அப்புறம் ஓய்வுக்காலத்தைப் பார்க்கலாம்" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தப் படிக்குப் பணமே தேவையில்லை, பொறுமைதான் தேவை. எங்களை அதிகம் அலைக்கழித்ததும் இதுதான்.

சிப்காட்டில் வேலை செய்பவர்கள் அடிக்கடி கம்பெனி மாறுவார்கள். பழைய பி.எஃப். அங்கேயே கிடக்கும், அல்லது எடுத்துச் செலவழித்திருப்பார்கள். பி.எஃப்.போடு சேர்ந்தே ஒரு மாத பென்ஷனும் இருக்கிறது. அதனால் பணத்தைவிடப் பெரிய விஷயம் சேவைக் காலம். பென்ஷன் கணக்கு இப்படி: பென்ஷனுக்கான சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு இப்போதைய உச்சவரம்பு மாதம் 15,000. ஒருவர் 2015 முதல் 2021 வரை வேலை செய்த கம்பெனியின் 6 ஆண்டுகள் சேராமல் போனால், 58 வயதுக்குப் பிறகு மாதம் சுமார் 1,285 ரூபாய் குறையும், ஆயுள் முழுக்க. மொத்தச் சேவை 10 ஆண்டைத் தொடாவிட்டால் மாத பென்ஷனே கிடையாது.

அவருடைய பழைய கம்பெனி, வேலையை விட்ட தேதியைப் பதியவே இல்லை. அது இல்லாமல் கணக்கை மாற்ற முடியாது. எச்.ஆர். ஆபீஸுக்குப் போன் போட்டால் "பார்க்கிறோம்" என்பதோடு சரி. கடைசியில் வழி பி.எஃப். போர்ட்டலிலேயே இருந்தது. யு.ஏ.என். எண்ணோடு (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) உள்ளே போய், 'மேனேஜ்' என்பதன் கீழ் 'மார்க் எக்ஸிட்' என்பதை அழுத்துங்கள். அந்தக் கம்பெனியின் கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தால் தேதியை நாமே போட்டுக்கொள்ளலாம். கடைசிச் சந்தா வந்த மாதத்துக்குள் வரும் தேதியாக இருக்க வேண்டும். அது புதுக் கம்பெனியில் சேர்ந்த தேதிக்கு முன்னால் வருகிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள், போட்ட பிறகு மாற்றுவது லேசில்லை. ஆதாரோடு இணைந்த போனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

அடுத்த முட்டுக்கட்டை இனிஷியல். பி.எஃப்.பில் ஒரே எழுத்தாக இருப்பது ஆதாரில் அப்பா பெயராக விரிந்திருக்கும். திருத்தத்துக்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் என்ற திருத்த விண்ணப்பம் போட வேண்டும். 2017 அக்டோபருக்கு முன் வாங்கிய யு.ஏ.என். என்றால் கம்பெனியின் ஒப்புதலும் தேவை, அதனால் இதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள். நெட் சென்டரில் செய்வதானால் பாஸ்வேர்டை அவர்களிடம் சொல்லாமல் நீங்களே தட்டுங்கள்.

பி.எஃப். பணத்தை எடுத்துக் கைவட்டியை அடைக்கலாமே என்று கேட்பீர்கள். பி.எஃப்.புக்கு 2024-25-ல் 8.25 சதவீதம் வட்டி, கைவட்டி 24. கணக்குப்படி நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் ஒரே சம்பள வீட்டில் எடுத்த பி.எஃப். திரும்ப உள்ளே போவதை நான் பார்த்ததில்லை. நகை இருக்கும்வரை பி.எஃப். பக்கம் போக வேண்டாம் என்பது என் கட்சி.

படி 4: சம்பளம் வாங்காதவர் பெயரில் ஒரு பென்ஷன்

வீட்டில் இருப்பவருக்கும் 60 வயது வரும். அடல் பென்ஷன் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை சேரலாம். 60-க்கு மேல் மாதம் 5,000 வேண்டுமானால், 30 வயதில் சேருபவர் மாதம் 577 ரூபாய் கட்ட வேண்டும், 35 என்றால் 902. வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபர் 1 முதல் இதில் சேர முடியாது. கணவர் வரி கட்டினாலும், நமக்கென்று வருமானம் இல்லையென்றால் நாம் சேரலாம். கணக்கில் பணம் இல்லாத மாதம் அபராதம் விழும், அதனால் சம்பளம் வந்த மறுநாளே என் கணக்குக்கு மாற்றிவிடுவேன்.

பின்சேர்க்கை: பாலக்கோட்டிலிருந்து ஒரு அக்கா, "எனக்கு 42 ஆயிடுச்சே" என்று எழுதியிருந்தார். தபால் நிலையத்தில் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்குங்கள் அக்கா. அதற்கு வயது வரம்பு இல்லை, 15 ஆண்டு முடியும்போது உங்களுக்கு 57, 58 இருக்கும். வருடத்துக்கு 500 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். முடிந்த மாதங்களில் 5-ஆம் தேதிக்குள் போட்டால் அந்த மாத வட்டியும் சேரும்.

இன்னொரு பின்சேர்க்கை: வண்டிக் கடன் முடிந்தும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அது தானாகப் போகாது. என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் வாங்கி ஆர்.டி.ஓ.வில் நீக்க வேண்டும். என்.ஓ.சி.யில் போட்டிருக்கும் தேதி காலாவதியாவதற்குள் செய்துவிடுங்கள். வீட்டுக் கடன் என்றால், முழுதாக அடைத்த 30 நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் தந்துவிட வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள்.