பழைய பிளாட்பார்மரைப் புதுப்பிக்கும்போது கால் வழுக்கும் இடங்கள்

பழைய ஆக்‌ஷன் பிளாட்பார்ம் கேமை, அதாவது மேடைக்கு மேடை தாவி ஓடும் கேமைப் புதிய கன்சோலுக்குக் கொண்டுவர உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் படத்தில்தான் கை வைக்கிறார்கள். முதலில் அளக்க வேண்டியது குதிப்பை. மூலக் கேமின் ஒவ்வொரு லெவலும் அந்தக் குதிப்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. உடம்பை மாற்றிவிட்டு அதே சட்டையை மாட்டினால் ஒரு பக்கம் பிடிக்கும், இன்னொரு பக்கம் தொளதொளக்கும்.

1991-ல் சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் வந்த 'சோனிக்' கேமின் எண்களைப் பாருங்கள். ஒரு ஃபிரேமுக்கு (திரையில் ஒருமுறை வரையும் படம், நொடிக்கு 60) ஓட்ட முடுக்கம் 0.046875 பிக்சல், ஈர்ப்பு 0.21875, குதிக்கும் வேகம் 6.5, சாதாரண ஓட்டத்தின் உச்சம் 6. பட்டனைச் சீக்கிரம் விட்டால் மேலேறும் வேகம் 4-க்குக் குறைக்கப்படும். விநோதமாகத் தெரிகிற அந்த முதல் இரண்டு எண்களும் 256-ல் 12, 256-ல் 56 என்ற பின்னங்கள்தான். ஈர்ப்பைச் 'சும்மா 0.2' என்று வைத்தால் குதிப்பு சுமார் 9 பிக்சல் உயர்ந்துவிடும். எட்டக்கூடாத மேடை எட்டும். இன்னொன்று: அளப்பதற்கு நொடிக்கு 50 ஃபிரேம் ஓடும் (50 ஹெர்ட்ஸ்) ஐரோப்பியப் பதிப்பின் வீடியோவை எடுத்துவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கேம்கள் பல அதில் 17% மெதுவாக ஓடும்.

எண்கள் சரியாக இருந்தும் கெடுக்கிற தவறு, இயக்கக் கணக்கைத் திரையின் வேகத்தோடு கட்டிவிடுவது. மேலே சொன்ன எண்களையே எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் முதலில் இடத்தை நகர்த்தி, பிறகு ஈர்ப்பைக் கழித்தால், நொடிக்கு 60 ஃபிரேமில் குதிப்பு 99.8 பிக்சல் வரும். கழிந்த நேரத்தால் பெருக்கி 30 ஃபிரேமில் ஓட்டினால் 103.1, 144-ல் 97.9. ஒரே கேம், ஒரே பட்டன், மூன்று உயரம். கணக்கை எப்போதும் நொடிக்கு 60 முறை என்று நிலையாக ஓட்டுங்கள். வரைவது மட்டும் இரண்டு கணக்குகளுக்கு நடுவில் இடைமதிப்பு எடுத்துத் திரையின் வேகத்துக்கு ஓடட்டும்.

2010-ல் வந்த 'சோனிக் 4' முதல் பாகம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் நடுவானில் திசைப் பட்டனை விட்டால் வேகம் சட்டென்று செத்துவிடும். சரிவில் உருண்டு வந்து காற்றில் ஏறினால் பந்தாகச் சுருண்ட சோனிக் விரிந்துவிடும். சோனிக்கின் ருசியே சேர்த்துவைத்த வேகம்தான் என்பதால் ரசிகர்கள் முதலில் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: பழைய விறைப்பைக் குறை என்று நினைத்து 'சரிசெய்வது'. முதல் 'காஸில்வேனியா'வில் குதித்த பிறகு திசையை மாற்ற முடியாது. அலைபோல நெளிந்து வரும் மெடூசா தலைகள் பயமுறுத்துவது அதனால்தான். 1991-ல் வந்த 'சூப்பர் காஸில்வேனியா 4' காற்றில் திரும்பும் வசதியையும் எட்டுத் திசைச் சாட்டையையும் தந்தது. அதற்கேற்றபடி லெவல்களும் புதிதாக அமைந்தன. வசதியைக் கூட்டுவதாக இருந்தால் எதிரியையும் இடைவெளியையும் மறுபடி வையுங்கள். ஒன்றை மட்டும் தொடுவதற்குப் பேசாமல் இருந்துவிடலாம்.

அனிமேஷனில் அடக்கம் வேண்டும். குண்டு வெளியேறும் முன் கையை ஓங்கும் அழகுக்கு 6 ஃபிரேம் கொடுத்தால் 100 மில்லிநொடி போய்விட்டது. செயல் முதல் ஃபிரேமிலேயே நடக்கட்டும். அலங்காரம் பின்னால் வரட்டும், அதையும் அடுத்த பட்டன் வெட்டலாம். 1989-ன் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' போல அசைவின் நிதானத்தை வைத்தே லெவல் கட்டியிருந்தால் அது வேறு கதை.

டிவியும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். நொடிக்கு 240 ஃபிரேம் பிடிக்கும் போன் கேமராவில் விரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி எடுத்து எண்ணுங்கள். ஒரு படத்துக்கு 4.2 மில்லிநொடி. குறைக்க முடிந்ததைக் குறைத்துவிட்டு, விளிம்பைத் தாண்டிய பிறகும் 4 முதல் 6 ஃபிரேம் வரை குதிக்க அனுமதியுங்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன் அழுத்திய பட்டனையும் அதே அளவு நினைவில் வையுங்கள்.

அகலத்திரை ஓசியில் வருவதில்லை. மெகா டிரைவின் 320×224 பிக்சல் திரையை 16:9 ஆக்கினால் அகலம் 398. இரு பக்கமும் 39 பிக்சல் கூடுகிறது. உச்ச ஓட்டத்தில் அது ஆறரை ஃபிரேம் முன்னறிவிப்பு. கூடவே, பழைய திரை விளிம்பில் முளைக்கும் எதிரிகள் கண்முன்னே திடீரென்று தோன்றுவார்கள். பாஸ் (லெவல் முடிவில் வரும் பெரிய எதிரி) அறையின் சுவருக்கு வெளியே வெற்றிடம் தெரியும். தோன்றும் எல்லையைத் தள்ளிவையுங்கள், பாஸ் சண்டையில் அறையை அகலப்படுத்துங்கள் அல்லது ஓரங்களை மறையுங்கள். பிக்சல் கலையை முழு எண்ணால்தான் பெருக்க வேண்டும்: 320×180-ஐ 6 மடங்காக்கினால் 1920×1080, 12 மடங்காக்கினால் 4கே. 224 வரிகளை 1080-க்கு இழுத்தால் 4.82 மடங்கு, சில பிக்சல் தடித்து, சில மெலிந்து, ஓடும்போது நெளியும்.

முப்பரிமாணத்துக்குப் போனால் பாத்திரத்துக்கு நேர் கீழே எப்போதும் ஒரு வட்ட நிழல் விழட்டும். விளக்கு எங்கிருந்து அடிக்கிறது என்ற நியாயமெல்லாம் அப்புறம். நிழல் இல்லாவிட்டால் எங்கே இறங்கப்போகிறோம் என்று யாருக்கும் தெரியாது.

கடைசியாக, பழைய கருவி திணறிய இடங்கள். நின்டெண்டோவின் பழைய என்இஎஸ் கன்சோல் திரையின் ஒரு வரியில் 8 ஸ்ப்ரைட்டுக்கு (நகரும் சிறு உருவத்துண்டு) மேல் காட்டாது, அதனால் உருவங்கள் மினுக்கும். 2008-ன் 'மெகா மேன் 9' அந்த மினுக்கலையே விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. கேம் மெதுவாகும் இடங்கள் இன்னும் சிக்கலானவை. என்இஎஸ்-க்கு அடுத்து வந்த எஸ்என்இஎஸ்-ன் 'சூப்பர் கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸ்' போன்றவற்றில் திரை நிரம்பினால் எல்லாமே மெதுவாகும். ஆட்டக்காரருக்கு அதுவே மூச்சுவிடும் நேரம். வேகமான கருவியில் அது மறைந்தால் அந்த இடம் மட்டும் திடீரென்று கொடூரமாகும். அங்கே எதிரிகளில் ஒன்றிரண்டைக் குறைத்துவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள்.