மாடித் தோட்டப் பம்புக்குச் சரியான கனெக்டர் அமைப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

எங்கள் மாடித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விட ஒரு பெட்டி செய்திருந்தேன். உள்ளே எல்லாவற்றையும் இயக்கும் இஎஸ்பி32 என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டு, 12 வோல்ட் பம்ப், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஃப்ளோட் சுவிட்ச், மண் ஈரம் பார்க்க ஒரு சென்சார். மூன்று மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் அம்மா தொட்டியைக் கழுவுவதற்காக வயர்களைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகினார். அடாப்டரிலிருந்து வரும் 12 வோல்ட் வயர், ஃப்ளோட் சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. இஎஸ்பி32-இன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. சுவிட்ச் போட்ட நொடியில் சிப் போய்விட்டது.

அம்மா மேல் தப்பில்லை. அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு பின் கனெக்டர்களை அருகருகே வைத்தவன் நான். சர்க்யூட்டுக்கு இரண்டு வாரம் செலவழித்தேன். கனெக்டருக்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை, கையில் கிடைத்ததை வைத்துச் சால்டர் செய்திருந்தேன். அந்தப் பெட்டியைத் திரும்பச் செய்தபோது கனெக்டரிலிருந்தே தொடங்கினேன். அந்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

படி 1: எந்த வயரில் என்ன ஓடுகிறது என்று எழுதுங்கள்

போர்டை வரையக் கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு வயருக்கும் ஒரு வரி. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை மீட்டர் நீளம், எத்தனை தடவை கழற்றி மாட்டுவோம், வெயிலும் மழையும் படுமா.

என் தாளில் இருந்தது இது: அடாப்டர் 12 வோல்ட், 5 ஆம்பியர். பம்ப் 12 வோல்ட், ஓடும்போது 1.8 ஆம்பியர், வயர் நீளம் 4 மீட்டர். ஃப்ளோட் சுவிட்ச் 3.3 வோல்ட், சில மில்லிஆம்பியர். மண் சென்சார் மூன்று வயர், அதுவும் 3.3 வோல்ட். மோட்டார் உள்ள எதற்கும் ஒரு குறிப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்: தொடங்கும் கணத்தில் அது ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

படி 2: கரண்டுக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்

போர்டில் வயரைச் செருகும் வேலைக்கு ஜேஎஸ்டி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் வகைகளைத்தான் உலகம் முழுக்கப் பரவலாகப் பார்க்கலாம். அவற்றில் மூன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டால் தொடக்கத்துக்குப் போதும். பின்னுக்குப் பின் 2 மி.மீ இடைவெளி உள்ள பிஹெச் வகை 2 ஆம்பியர் தாங்கும். 2.5 மி.மீ உள்ள எக்ஸ்ஹெச் 3 ஆம்பியர். 3.96 மி.மீ உள்ள விஹெச் 10 ஆம்பியர். இவை எல்லாம் அந்தந்த வகை ஏற்கும் மிகத் தடித்த வயரை மாட்டினால் கிடைக்கும் அளவுகள். மெல்லிய வயர் போட்டால் அளவும் குறையும்.

டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) சொன்ன ஆம்பியரில் பாதிக்கு மேல் தொடர்ந்து ஓட விடுவதில்லை என்பது என் வழக்கம். அதனால்தான் 1.8 ஆம்பியர் பம்புக்கு 3 ஆம்பியர் எக்ஸ்ஹெச்சை விட்டுவிட்டு விஹெச்சுக்குப் போனேன். இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. எக்ஸ்ஹெச் தொடர்பு ஒன்றின் மின்தடை புதிதாக இருக்கும்போது 10 மில்லிஓமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது டேட்டாஷீட். வெப்பம், ஈரம் எல்லாம் பட்டுச் சோதித்த பிறகும் 20-க்குள். 1.8 ஆம்பியரில் 20 மில்லிஓம் என்றால் 0.065 வாட். அது ஒன்றுமே இல்லை. அதே பின் தளர்ந்து, துருவேறி, அரை ஓம் ஆகிவிட்டால்? 1.6 வாட். அரிசி மணி அளவு உலோகத்தில், பிளாஸ்டிக்குக்குள், காற்றோட்டமே இல்லாத இடத்தில் 1.6 வாட். பழைய மிக்சி, இன்வெர்ட்டர் கழற்றும்போது ஒரு பின் மட்டும் பழுப்பேறி உருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடந்தது இதுதான்.

வயரையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். 4 மீட்டர் தூரம் என்றால் போக 4, வர 4, மொத்தம் 8 மீட்டர் செம்பு. 22 கேஜ் (தடிமன் அளவு; எண் குறைந்தால் வயர் தடிக்கும்) வயர் மீட்டருக்குச் சுமார் 53 மில்லிஓம். 8 மீட்டருக்கு 0.42 ஓம். 1.8 ஆம்பியரில் முக்கால் வோல்ட் வயரிலேயே கரைந்துவிடும். 18 கேஜ் மீட்டருக்கு 21 மில்லிஓம்தான், இழப்பு 0.3 வோல்ட்டில் நின்றுவிடும். விஹெச் டெர்மினல் (வயர் முனையில் மாட்டும் சின்ன உலோகத் துண்டு) 18 கேஜை ஏற்கும்; எக்ஸ்ஹெச் 22-க்கு மேல் தடித்த வயரை ஏற்காது. வயரும் கனெக்டரும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதால் இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

அடாப்டருக்கு அதன் முனையிலேயே இருக்கும் வட்டமான டிசி பிளக்கை வைத்துக்கொண்டேன். வெளி விட்டம் 5.5 மி.மீ ஒன்றேயானாலும் உள் துளை 2.1, 2.5 என்று இரண்டு அளவில் வரும். 2.5 துளை பிளக் 2.1 பின் உள்ள ஜாக்கில் போய்விடும். ஆனால் ஆடிக்கொண்டே இருக்கும், பம்ப் விட்டு விட்டு ஓடும். ஜாக் எத்தனை ஆம்பியருக்கானது என்பதையும் பாருங்கள். 2 ஆம்பியர் மட்டுமே தாங்குபவையும் விற்கின்றன.

படி 3: மாற்றிச் செருக முடியாதபடி செய்யுங்கள்

மொத்தக் கட்டுரையிலும் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளக் தவறான இடத்தில் உள்ளே போகவே கூடாது. லேபிள் ஒட்டினால் போதாது. மாலை ஆறரை மணிக்கு, மங்கிய வெளிச்சத்தில், ஈரக் கையோடு செருகுபவர் லேபிளைப் படிக்க மாட்டார்.

புதிய பெட்டியில் அடாப்டருக்கு வட்ட ஜாக். பம்புக்கு இரண்டு பின் விஹெச். ஃப்ளோட் சுவிட்சுக்கு இரண்டு பின் எக்ஸ்ஹெச். மண் சென்சாருக்கு மூன்று பின் எக்ஸ்ஹெச். எதையும் எதிலும் மாற்றிச் செருக முடியாது. பின்னால் இன்னொரு மண் சென்சார் வந்தால் அதற்கும் மூன்று பின்தான். அவை இரண்டும் இடம் மாறினாலும் எதுவும் எரியாது, அளவு மட்டும் மாறிக் காட்டும். அந்த இடத்தில் லேபிள் போதும்.

நாம் பெர்க் ஸ்ட்ரிப் என்று வாங்கும் வெறும் பின் வரிசையையும் ஜம்பர் வயரையும், சால்டர் இல்லாமல் சோதித்துப் பார்க்கும் பிரெட்போர்டோடு விட்டுவிடுங்கள். அவற்றுக்குப் பூட்டு இல்லை, திசையும் இல்லை. பம்பின் அதிர்வில் மெல்ல நகர்ந்து வெளியே வந்துவிடும்.

படி 4: பின் வரிசை

மூன்று பின் சென்சாருக்கு கிரவுண்ட், 3.3 வோல்ட், சிக்னல் என்று வையுங்கள். பவர் நடுவில். ரேடியோ கன்ட்ரோல் கார், விமானங்களில் வரும் சர்வோ மோட்டார் வயரைக் கவனித்தால் அதிலும் பவர் நடுவில்தான் இருக்கும். தலைகீழாகச் செருகினாலும் பவர் இடம் மாறாது. கிரவுண்டும் சிக்னலும் மட்டும் மாறும், அதனால் பெரும்பாலும் எதுவும் எரிவதில்லை. எக்ஸ்ஹெச் தலைகீழாகப் போகாது என்றாலும், டெர்மினல்களை ஹவுசிங்கில் (அவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கூடு) தள்ளும்போது வரிசையைத் தலைகீழாகப் போட்டுவிடுவது எல்லாருக்கும் நடக்கும்.

12 வோல்ட்டையும் சிக்னலையும் ஒரே கனெக்டரில் கொண்டுபோக வேண்டியிருந்தால் நடுவில் ஒரு கிரவுண்டையோ காலிப் பின்னையோ விடுங்கள். பக்கத்துப் பின்கள் இரண்டும் ஒரு துளி சால்டரில் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு ஜோடியையும் கேட்டுப் பாருங்கள்.

போர்டில் யூஎஸ்பி டைப்-சி வைக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று. அதில் சிசி1, சிசி2 என்று இரண்டு பின்கள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியாக 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்குப் போக வேண்டும். ஒரே ரெசிஸ்டரை இரண்டுக்கும் பொதுவாக வைத்ததால்தான் 2019-இல் வெளிவந்த ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியின் முதல் போர்டுகள், உள்ளே சிப் உள்ள சில டைப்-சி கேபிள்களில் பவரே எடுக்கவில்லை. அடுத்த திருத்தத்தில் சரிசெய்தார்கள். அனுபவசாலிகளே தவறவிட்ட இடம். நாம் இரண்டு தடவை பார்ப்பதில் தவறில்லை.

படி 5: போர்டில் வரைவது

போர்டு வரையும் கீகேட் மென்பொருளில் ஜேஎஸ்டி எக்ஸ்ஹெச், விஹெச் ஃபுட்பிரிண்ட்கள் (பாகம் போர்டில் உட்காரும் இடத்தின் வரைபடம்) தயாராகவே இருக்கின்றன. நீங்களே வரைவதானால் டேட்டாஷீட் படம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தது என்று முதலில் பாருங்கள். சில படங்கள் பாகம் உட்காரும் பக்கத்திலிருந்து, சில சால்டர் வைக்கும் பக்கத்திலிருந்து. தவறாக எடுத்தால் பின் 1 கடைசிக்குப் போய்விடும்.

சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் ரிலிமேட் என்று கேட்டால் கிடைக்கும் கனெக்டர் 2.54 மி.மீ இடைவெளி கொண்டது. எக்ஸ்ஹெச் 2.50. நான்கு பின்னுக்கு வித்தியாசம் 0.12 மி.மீ, அழுத்தினால் உட்கார்ந்துவிடும். பத்துப் பின்னுக்கு 0.36 மி.மீ, கடைசிப் பின் துளைக்குள் போகாது. வரைந்ததை நிஜ அளவில் தாளில் அச்செடுத்து, வாங்கிய கனெக்டரை அதன்மேல் குத்திப் பாருங்கள். போர்டு அடிக்க அனுப்பும் முன் ஒரு ரூபாய்த் தாளில் முடிகிற சோதனை.

கையால் இழுக்கப்படும் கனெக்டர் எதுவானாலும் போர்டைத் துளைத்துச் செல்லும் கால்கள் உள்ளதாக இருக்கட்டும். மேலே மட்டும் ஒட்டும் வகை, இழுக்கும்போது செம்பையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும்.

படி 6: கிரிம்ப்

டெர்மினலை வயர்மேல் நசுக்கிப் பொருத்துவதுதான் கிரிம்ப். நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. டெர்மினலின் வால் பகுதியில் இரண்டு ஜோடிச் சிறகுகள் இருக்கும். முன்ஜோடி செம்பு இழைகளைப் பிடிக்கும், பின்ஜோடி மேலுறையைப் பிடிக்கும். எக்ஸ்ஹெச்சுக்கு வயரின் தோலை 2 முதல் 2.5 மி.மீ வரை உரியுங்கள். ஓர் இழைகூட அறுபடக் கூடாது. இழைகளுக்குச் சால்டர் பூசாதீர்கள். சால்டர் மென்மையான உலோகம். அழுத்தத்தில் நாளடைவில் இளகி நகரும், பிடி தளரும். செம்பு இழைகள் நேரடியாக நசுங்கி, காற்றே புகாதபடி ஒன்றோடொன்று இறுகுவதில்தான் கிரிம்பின் பலம் இருக்கிறது.

வயரை வைத்து, ராட்செட் உள்ள கிரிம்பிங் டூலை அது தானாக விடும்வரை அழுத்துங்கள். மூக்குப் பிளையரால் நசுக்கியது பார்க்க நன்றாக இருக்கும், மாதக்கணக்கில் நிற்காது. முடிந்ததும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இரண்டு ஜோடிச் சிறகுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் செம்பும் தெரிய வேண்டும், தோலின் விளிம்பும் தெரிய வேண்டும். தோல் முன்சிறகுக்குள் மாட்டியிருந்தால் அது பிளாஸ்டிக்கைத்தான் கிரிம்ப் செய்திருக்கிறது. வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். முதல் பத்து டெர்மினல்கள் பயிற்சிக்கென்றே போகட்டும்.

ஹவுசிங்கில் தள்ளும்போது ‘டிக்’ என்ற சின்னச் சத்தம் கேட்கும். கேட்டபின் வயரை மெல்ல இழுத்துப் பாருங்கள்.

படி 7: பெட்டிக்குள் வருவது

வெளியிலிருந்து வரும் வயரின் இழுவை எதுவும் கனெக்டருக்கு வரக் கூடாது. பிஜி7 கேபிள் கிளாண்ட் 3 முதல் 6.5 மி.மீ வரை தடிமனுள்ள கேபிளை இறுக்கிப் பிடிக்கும். கிளாண்டைப் பெட்டியின் கீழ்ப்பக்கம் வையுங்கள். கேபிள் ஏறுவதற்கு முன் கீழே ஒரு தொய்வு இருந்தால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

படி 8: சோதனை

முதலில் பவர் இல்லாமல், மல்டிமீட்டரின் பீப் ஒலியில் ஒவ்வொரு பின்னையும் சரிபாருங்கள். பக்கத்துப் பின்களுக்கிடையே ஒலி வரக் கூடாது. பிறகு பம்பை ஓட விட்டு, மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை போர்டின் அடியில் அந்தப் பின்னின் சால்டரில், மறுமுனை ஹவுசிங்கின் பின்புறத் துளை வழியே டெர்மினலில். 1.8 ஆம்பியரில் 10 மில்லிஓம் என்றால் 18 மில்லிவோல்ட் காட்டும். 36 வரை இருந்தால் விட்டுவிடலாம். 50-ஐத் தாண்டினால் அந்த கிரிம்பை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வயரை லேசாக ஆட்டும்போது எண் துள்ளினாலும் அப்படியே.

அரை மணி நேரம் ஓடிய பிறகு பவரை அணைத்துவிட்டு ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்து பிளாஸ்டிக்கைவிடச் சூடு கூடுதலாகத் தெரியக் கூடாது.

கடைசியாக, பெட்டி மூடியின் உட்புறம் ஒரு தாளை ஒட்டுங்கள்: எந்தக் கனெக்டர் எதற்கு, பின் 1 எந்தப் பக்கம், எந்த நிற வயர் எந்தப் பின்னுக்கு, என்ன வகை டெர்மினல். எங்கள் வீட்டுப் பெட்டியில் அதை அம்மாவின் கையெழுத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.