ரிப்போர்ட்ல சி.எல்.எல்.னு வந்துடுச்சா, முதல்ல இத படிங்க

தண்டையார்பேட்டைல எங்க நைனாவுக்கு கண்ணு ஆபரேஷனுக்காக ரத்தம் எடுத்தாங்க, வெள்ளணு 42,000னு வந்துச்சு, அப்புறம் ஃப்ளோ சைட்டோமெட்ரிங்கற, ரத்த அணுவ வகை பிரிச்சு பாக்கற டெஸ்ட் பண்ணி சி.எல்.எல்.னு, அதாவது க்ரானிக் லிம்ஃபோசைட்டிக் லுக்கீமியான்னு சொல்லிட்டாங்க. ரத்தப் புத்துநோய்னு கேட்டதும் அம்மா சோறு தண்ணி இல்லாம உக்காந்துட்டாங்க, சொந்தக்காரங்க ஆளாளுக்கு இன்னும் ஏன் கீமோ போடலன்னு கேட்டு உயிர எடுத்தாங்க. அந்த மாதிரி உக்காந்திருக்கற வீட்டுக்காகத்தான் எழுதறேன்.

இது பி லிம்ஃபோசைட்ங்கற வெள்ளணு மெதுவா பெருகிட்டே போற வியாதி, பெரும்பாலும் வயசானவங்களுக்கு வர்றது. தொந்தரவு எதுவும் இல்லன்னா டாக்டர் மருந்து குடுக்காம பாத்துக்கிட்டு இருக்கலாம்னுதான் சொல்வாரு. அது கைவிடறது இல்லங்க. சீக்கிரமே கீமோ ஆரம்பிச்சவங்க அதனால கூடுதல் நாள் வாழலன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க, பக்க விளைவுதான் மிச்சம். சுமாரா மூணுல ஒருத்தருக்கு கடைசி வரைக்கும் மருந்தே தேவைப்படாமலும் போகும்.

அதனால ஒரு நோட்டு வாங்குங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே லேப்ல சிபிசிங்கற ரத்த அணு எண்ணற டெஸ்ட் எடுத்து, தேதி போட்டு ஹீமோகுளோபின், பிளேட்லெட், லிம்ஃபோசைட் மூணையும் எழுதுங்க. ரிப்போர்ட்ல சதவீதம் மட்டும் இருந்தா நீங்களே கணக்கு போடலாம், மொத்த வெள்ளணு 42,000ல லிம்ஃபோசைட் 80 சதவீதம்னா 33,600. இந்த நம்பர் பெருசா இருக்கேன்னு மட்டும் பயப்படாதீங்க, லட்சத்த தாண்டியும் நல்லா நடமாடறவங்க இருக்காங்க, எவ்ளோ வேகமா ஏறுதுங்கறதுதான் விஷயம். 30,000க்கு மேல போனப்புறம் 6 மாசத்துக்குள்ள ரெண்டு மடங்கானா, இல்ல ஹீமோகுளோபின் 10க்கு கீழயோ பிளேட்லெட் 1 லட்சத்துக்கு கீழயோ இறங்கிட்டே போனா, கழுத்துல அக்குள்ல கட்டி ரொம்ப பெருசானா, மண்ணீரல் வீங்கி வயிறு நெறஞ்ச மாதிரியே இருந்தா, 6 மாசத்துல எடைல பத்துல ஒரு பங்கு காரணமில்லாம கொறஞ்சா, அப்போதான் சிகிச்சை பேச்சு வரும். ராத்திரி வேர்வையும் ஒரு அறிகுறிதான், ஆனா நம்ம ஊர் கத்திரி வெயில்ல கரண்ட் போனா யாருக்குத்தான் வேர்க்காது, ஃபேன் ஓடும்போதே பனியன் பிழியற அளவுக்கு ஒரு மாசமா நனஞ்சா அத சொல்லுங்க.

சிகிச்சைன்னு முடிவானா, முதல் மாத்திரைக்கு முன்னாடியே ரெண்டு டெஸ்ட் கேளுங்க: டி.பி.53ங்கற மரபணு கெட்டிருக்கா, அது இருக்கற 17பி குரோமோசோம் பகுதி இழந்திருக்கான்னு பாக்கறது ஒண்ணு, ஐ.ஜி.எச்.வி.ங்கற மரபணு டெஸ்ட் இன்னொண்ணு. நோய் எப்படி போகும்ங்கறது இதுலதான் பாதி தெரியும். டி.பி.53 கெட்டிருந்தா பழைய கீமோ சரியா வேலை செய்யாது, காசும் உடம்பும் வீணாகும். ஐ.ஜி.எச்.வி. மியூட்டேட்டட், அதாவது மாறியிருக்குன்னு வந்தா அது நல்ல சேதி, பேர பாத்து பயந்துடாதீங்க.

இப்போ மாத்திரை முக்கியமா ரெண்டு வகை. ஐப்ரூடினிப், அகாலப்ரூடினிப் மாதிரி மாத்திரைங்கள தொடர்ந்து சாப்பிடணும். ஆரம்பிச்ச புதுசுல வெள்ளணு இன்னும் ஏறும், கட்டி கரைஞ்சு அதுல இருக்கற அணுங்க ரத்தத்துக்கு வர்றதால, நாங்க மருந்து ஒத்துக்கலன்னு நெனச்சு ஒரு ராத்திரி பூரா தூங்கல. ரத்தக்கசிவு, இதயப் படபடப்பு வரலாம், அதனால பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி கூட டாக்டர கேளுங்க. கிரேப்ஃப்ரூட் கூடாது, அதோட ஜாதியான பம்பளிமாஸையும் நாங்க நிறுத்திட்டோம். இன்னொண்ணு வெனிடோகிளாக்ஸ், கூட ஊசி மருந்தும் சேத்து முதல் சிகிச்சையா குடுத்தா சுமார் ஒரு வருஷத்துல முடியும், 20 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு வாராவாரம் ஏத்தி அஞ்சாவது வாரம் 400க்கு கொண்டு போவாங்க, ஏன்னா அணுங்க மொத்தமா செத்தா கிட்னி அடிபடும், அந்த நாளுங்கள்ல தண்ணியும் ரத்த டெஸ்ட்டும் தவறக்கூடாது. விலை அதிகம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டைல எது வரும்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல முன்னாடியே விசாரிச்சிடுங்க.

இந்த வியாதில எதிர்ப்பு சக்தி கம்மி. நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசி கேட்டு போட்டுக்கோங்க, உயிருள்ள கிருமி தடுப்பூசி வேணாம். தெர்மாமீட்டர் 100.4 காட்டினா பாராசிட்டமால் போட்டுட்டு காலைல பாக்கலாம்னு படுக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணியானாலும் ஃபைலோட, நோட்டோட ஆட்டோ புடிச்சு கெளம்புங்க.