சொற்களைப் பிரிக்கும் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து, தொடக்கப் பள்ளிகளில் அட்டைகளை வைத்து விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பது பழகிப்போன காட்சி. சொல் அட்டைகளைக் கலைத்துப் போட்டு, இனம் இனமாகப் பிரிக்கச் சொல்வதும் அதில் ஒன்று. பயிற்சி நல்லதுதான், பெரும்பாலும் சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போதே கெட்டுவிடுகிறது.

ஆங்கில வகுப்புத் தாளைப் பார்த்து, ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைச் சேர்க்கச் சொல்வது முதல் தவறு. தமிழ்ப் பிள்ளைகள் தடுமாறுவது பேச்சும் எழுத்தும் விலகும் இடத்தில். வடசென்னையில் பலர் வாயில் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகிவிடும். காற்று, நேற்று, பத்து, முத்து நான்கையும் காதை மட்டும் நம்பிப் பிரித்தால் ஒரே குவியலில் விழும். அதற்காகப் பிள்ளையின் பேச்சைக் கேலி செய்யாதீர்கள். வீட்டில் 'காத்து', நோட்டில் 'காற்று' என்று இரண்டையும் சொல்லவைத்த பிறகு பிரிக்கவிடுங்கள்.

பொருள் தெரியாத சொற்களைத் திணிப்பது இன்னொன்று. மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பிள்ளைக்கு 'அளறு' (சேறு) எதற்கு? வலை, ஏலம், வாளை, கெளுத்தி, வாழை, கிழங்கான் என்று கொடுத்தால் ல, ள, ழ மூன்றும் வந்துவிடும். 'வாளை' என்ற மீனை 'வாழை' என்று எழுதினால், குழம்பில் என்ன கொதிக்கும் என்று கேளுங்கள். வகுப்பே சிரித்துத் திருத்திவிடும். ர, ற வேண்டுமா? கரை, சங்கரா, கருவாடு, இறால், சுறா, துறைமுகம். இரண்டு தொகுதியையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள்.

என் கணக்கில் பெரிய தவறு, விதியை ஆசிரியரே முதலில் சொல்லிவிடுவது. நண்டு, வண்டி, பந்து, சந்து, கன்று, தென்றல் ஆகிய அட்டைகளைத் தலைப்பு எதுவும் இல்லாமல் கொடுத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் மாற்றி மாற்றி அடுக்குவார்கள். பிறகு யாராவது ஒரு பிள்ளை, "ட பக்கத்துல ண், த பக்கத்துல ந், ற பக்கத்துல ன்" என்று கத்தும். தானே கண்டுபிடித்தது மறக்காது. இன எழுத்து என்ற பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அடுத்து பாம்பு, கம்பி, அன்பு, நண்பன் அட்டைகளைப் போடுங்கள். ப-வுக்கு இனம் ம் என்று பாம்பும் கம்பியும் சொல்லும்; மற்ற இரண்டும் ஒத்துவராது. அவற்றுக்காக 'சேராதவை' என்று ஒரு குவியல் கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் பிள்ளைகள் எங்காவது திணித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்கள்.

பிரித்து முடித்ததும் அட்டைகளைக் கட்டி வைத்துவிடுவதும் தவறே. கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லி, நோட்டில் உரிய பத்தியில் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அதே அட்டைகளைப் பொருள்படி பிரிக்கட்டும்: கடலில் வாழ்பவை, சந்தையில் விற்பவை. இறால் எதில் சேரும் என்று சண்டை வரும்; வரட்டும், காரணம் சொல்லத்தான் புதுச் சொற்கள் தேவைப்படும்.

யார் முதலில் முடிப்பது என்று போட்டி வைக்காதீர்கள். நான்கு பேருக்கு ஒரு கட்டு கொடுத்தால் ஒருவர் பிரிப்பார், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். இருவருக்கு ஒரு கட்டு சரியாக இருக்கும்.