பிள்ளைக்கு திடீர்னு வெறி வந்த மாதிரி கோவம் வருதா? எதைக் கவனிக்கணும், என்ன செய்யணும்

மூணு வயசுப் புள்ள கடைத்தெருவுல விழுந்து புரண்டா அதுக்கு யாரும் வியாதின்னு பேரு வைக்க மாட்டாங்க. ஆனா எட்டு ஒம்பது வயசாகியும், "போதும், டேப்லெட்ட சார்ஜ்ல போடு"ன்னு சொன்ன ஒரு வார்த்தைக்கு ரிமோட்ட சுவத்துல அடிச்சு நொறுக்கி, குறுக்க வந்த தங்கச்சி முடியப் புடிச்சு இழுத்து, இருபது நிமிஷத்துல தானா அடங்கி, அப்புறம் தேம்பித் தேம்பி அழுதுட்டு வந்து மடியில படுத்துக்குது, இது அடிக்கடி நடக்குதுன்னா வெறும் அடம்னு விட்டுடாதீங்க.

டாக்டருங்க இன்டர்மிட்டன்ட் எக்ஸ்ப்ளோசிவ் டிஸார்டர்னு சொல்ற, அதாவது அப்பப்போ திடீர்னு கோவம் வெடிக்கிற கோளாறா இது இருக்கலாம், சுருக்கமா ஐஇடி. மனநல டாக்டருங்க நோயக் கண்டுபிடிக்கப் பாக்குற கையேடு டிஎஸ்எம்-5, 2013ல வந்தது, அதோட கணக்குப்படி வயசு குறைஞ்சது 6 ஆகியிருக்கணும். கத்தல், திட்டல், காயம் படாத அளவுக்கு அடிதடி இதெல்லாம் வாரத்துக்கு சராசரி 2 தடவை வீதம் 3 மாசம் நடந்திருக்கணும், இல்லன்னா பொருள் உடையுற, யாருக்காவது காயம் ஆகுற மாதிரி 12 மாசத்துக்குள்ள 3 தடவை. பிளான் பண்ணி செய்யறது இதுல சேராது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும்.

எல்லாரும் வெடிக்கிற நேரத்தையே பாக்குறோம், என்னைக் கேட்டா ரெண்டு வெடிப்புக்கு நடுவுல புள்ள எப்படி இருக்குன்னு பாக்குறதுதான் முக்கியம். ஐஇடி புள்ள நடுவுல சாதாரணமா சிரிச்சு விளையாடிட்டு இருக்கும். நாள் பூரா சிடுசிடுன்னே இருக்கு, வாரத்துக்கு 3 தடவையோ அதுக்கு மேலயோ வெடிக்குது, இது ஒரு வருஷமா ஓடுதுன்னா அது டிஎம்டிடின்னு, எப்பவும் எரிச்சலாவே இருக்குற வேற ஒரு மனநிலைக் கோளாறா இருக்கலாம். இது போக ஏடிஹெச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்குறது), ஆட்டிசம், படிக்கிறதுல சிரமம், ஸ்கூல்ல யாராவது சீண்டுறது, தூக்கம் பத்தாதது (6ல இருந்து 12 வயசுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேணும்), இதெல்லாம் கூட கோவமாத்தான் வெளிய வரும், அதனால நாமளே பேரு ஒட்டக் கூடாது.

ஒரு நோட்டுல எழுதி வைங்க. "செவ்வாய், சாயங்காலம் ஆறே கால், டியூஷன்ல இருந்து பசியோட வந்தான், கணக்க அழிச்சு எழுதுன்னேன், ஜாமெட்ரி பாக்ஸ தூக்கி எறிஞ்சான், பதினஞ்சு நிமிஷம், அப்புறம் தண்ணி கேட்டான்." இவ்ளோ போதும். கொஞ்ச வாரத்துல பசி, தூக்கம், ஹோம்வொர்க்குனு ஏதாவது ஒண்ணு திரும்பத் திரும்ப வர்றது உங்க கண்ணுலயே படும்.

வெடிச்சுட்டு இருக்கும்போது புத்தி சொல்லாதீங்க, அந்த நேரம் மூளையில யோசிக்கிற பக்கம் சரியா வேலை செய்யாது, காதுல ஏறாது. சின்னப் புள்ளைங்கள வேற ரூமுக்கு அனுப்புங்க, கண்ணாடி கத்தரிக்கோல நகர்த்துங்க, குரல இறக்கி ரெண்டே வார்த்தை பேசிட்டு பக்கத்துல இருங்க. ஆபத்துன்னா ஒழிய புடிச்சு அமுக்க வேணாம். அடிச்சா அடங்குதேன்னு தாத்தா பாட்டி சொல்வாங்க, பயத்துல அடங்கும், அவ்ளோதான், கை ஓங்கலாம்னு அதுவும் கத்துக்கும். அதே சமயம் கத்தினதுக்காக கேட்டத எடுத்துக் கொடுத்துடவும் கூடாது, டேப்லெட் இல்லன்னா இல்லதான். அடங்கினதும் சாப்பாடு தண்ணி குடுத்து, சிதறினத கூட சேந்து அள்ள வைங்க. மூச்ச மெதுவா விடுறது, கோவம் ஏறுதுன்னு கை காட்டிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுறது இதெல்லாம் நல்லா இருக்குற நாள்ல விளையாட்டா பழக்கணும்.

யாருக்காவது காயம், இல்ல "செத்துடுவேன்"னு பேச்சு, இல்ல தலையில அடிபட்டதுக்கு அப்புறம் ஆரம்பிச்சது, நடந்தது எதுவுமே ஞாபகம் இல்லங்குது, இதுல ஒண்ணு இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க. முதல்ல குழந்தை டாக்டர், அப்புறம் குழந்தைகள் மனநல டாக்டர், நோட்ட கையோட எடுத்துட்டுப் போங்க. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல மனநலப் பிரிவு இருக்கு, போன்ல பேசணும்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம். பொதுவா முதல்ல சிபிடி கவுன்சிலிங்கும் (யோசிக்கிற, நடந்துக்குற விதத்த மாத்தப் பழக்குறது) அப்பா அம்மாவுக்குப் பயிற்சியும்தான், மாத்திரை எல்லாருக்கும் வேண்டியிருக்காது, ஆனா எழுதிக் கொடுத்திருந்தா, நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்திடாதீங்க.